ஒப்பமிட்டவர் யார்?

1980களின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டனில் ஒரு தமிழர் கடை எடுக்க வெளிக்கிட்டால் மூன்று பேரைத் தேடிப் போவார். சீட்டுப் பிடித்துக் காசு தரக்கூடிய ஒரு சிநேகிதர். வரிக்கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். இங்கிலிஷ் கடுதாசியை வாசித்து விளங்கப்படுத்தி, தமிழ்க் கடுதாசியை இங்கிலிஷில் எழுதித் தரக்கூடிய இன்னொருவர். முதல் இருவருக்கும் காசு போனது. மூன்றாமவருக்கு ஒரு பை தோடம்பழம் போனது. அவர் செய்ததும் ஒரு தொழில்தான் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

மனோர் பார்க் பக்கத்தில் அந்த மூன்றாமவரைக் 'கோட்டு ஐயா' என்று அழைத்தோம். ஊரில் நீதிமன்ற முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இலங்கை நீதிமன்றங்களில் சாட்சிகள் சொல்வதை உரைபெயர்த்தவருக்கு முதலியார் என்பதுதான் அந்தக் காலத்துப் பதவிப்பெயர். 1983 கலவரத்துக்குப் பிறகு மகனோடு இருக்க வந்தவர். முன்னறையில் ஒரு மேசை, ஒரு ஒலிவெட்டி ரைப்ரைட்டர், முதுகு கிழிந்த வின்சிலோ அகராதி, பூட்டுப் போட்ட ஒரு தகரப்பெட்டி. அவருடைய அலுவலகம் அவ்வளவுதான்.

நான் அப்போது இரவில் பெற்றோல் ஸ்ரேசனில் காசாளர் வேலையும் பகலில் படிப்புமாக இருந்தேன். சனிக்கிழமைகளில் அவருக்கு உதவப் போவேன். அவர் ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்ததும் எழுதத் தொடங்க மாட்டார். முழுவதையும் வாசிப்பார், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே ஒரு முத்திரையோ திருத்தக் குறிப்போ இருந்தால் அதுவும் பத்திரத்தின் பகுதிதான் என்பார். எழுதி முடித்த பிறகு மூலத்தை என்னிடம் தந்து உரக்க வாசிக்கச் சொல்லுவார். நான் தமிழில் வாசிக்க, தன் இங்கிலிஷ் பிரதியில் வரிவரியாக விரல் வைத்துக்கொண்டு வருவார். தொகைகள் எழுத்திலும் இலக்கத்திலும் இருக்க வேண்டும். எந்த இடத்தில் முத்திரை, எந்த வரியில் மை பரவியிருக்கிறது என்பதெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் வர வேண்டும்.

"தம்பி, எழுத்து அழிஞ்சிருந்தால் அழிஞ்சிருக்கெண்டு எழுது. நீயா ஊகிச்சு நிரப்பாதை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

கடைசியில் தன் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், திகதி, ஒப்பம். அந்த ஒப்பத்தைப் போட அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்கு அந்த வயதில் வியப்பாக இருந்தது. பத்திரத்தை இன்னொருமுறை தொடக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் பேனையைத் திறப்பார்.

ஒருநாள் ஒருவர் கூட்டு வியாபார ஒப்பந்தம் ஒன்றோடு வந்தார். ஊரில் எழுதியது, மூன்று பங்காளிகள். இங்கே வங்கிக் கடனுக்கு அதைக் காட்ட வேண்டியிருந்தது. "ஐயா, இவருக்கு மூண்டிலொரு பங்கெண்டு இருக்கிறதை அரைவாசி எண்டு அடிச்சு விடுங்கோ. மற்றவையும் ஓம் எண்டிட்டினம்" என்றார். ஐயா நிமிர்ந்து பார்த்தார். "ஓம் எண்டால் புதுசா ஒரு ஒப்பந்தம் எழுதி மூண்டு பேரும் கையெழுத்து வைச்சுக் கொண்டு வாங்கோ. அதை மாத்தித் தாறன். இதிலை கிடக்கிறதை மாத்த எனக்கு உரிமையில்லை. கீழை என்ரை பேர் கிடக்கு. நாளைக்குக் கோடு கூப்பிட்டால் உங்களையில்லை, என்னைத்தான் கேக்கும்."

வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் புது ஒப்பந்தத்தோடு வந்தார்.

கோட்டு ஐயா தானாகக் கண்டுபிடித்த ஒழுக்கம் இல்லை இது. யாழ்ப்பாணத்தில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை அதிகாரி எங்கள் வழக்காறுகளைத் தேசவழமை என்று டச்சு மொழியில் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு, ஊர்த்தலைவர்களான 12 முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, சரியென்று ஒப்பமிட்ட பிறகுதான் தொகுப்பு நிலைபெற்றது. ஆங்கிலேயர் 1806இல் அதை ஒழுங்குவிதியாக்கினார்கள், வடக்கில் காணி வழக்குகளுக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஒரு மொழிபெயர்ப்பை நம்பலாமா என்று கேட்டபோது அன்று கிடைத்த பதில், பெயர் சொல்லி ஒப்பமிட்ட 12 ஆட்கள்.

லண்டனில் எங்களுக்குக் கடுதாசிகளின் பாரம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. கொமன்வெல்த் நாடொன்றின் மீது அப்படி விதித்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த ஆண்டுகளில் ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தந்தை பெயரும் பிள்ளை பெயரும் இடம்மாறினால் ஒரு குடும்பமே ஆண்டுக்கணக்காகத் தொங்கி நிற்கும். நியூஹாமில் 1986இல் தொடங்கிய தமிழர் நலன்புரிச் சங்கம் போன்ற இடங்களில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கோட்டு ஐயாவின் முன்னறையிலும் நின்றார்கள்.

ஆனால் அகதிக் கோரிக்கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று விளங்கிய எங்கள் சனத்துக்கு, வியாபாரத்துக்கும் அது வேண்டும் என்பது விளங்க நெடுங்காலம் எடுத்தது. ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த், வெம்பிளி ஈலிங் ரோட், ரூட்டிங் என்று கடைகள் முளைத்த காலத்தில் லீஸ் என்பது கையெழுத்து வைத்துவிட்டு லாச்சிக்குள் போடும் கடுதாசி. வாடகை எவ்வளவு, எத்தனை வருசம் என்ற இரண்டு கேள்விகளோடு எல்லாம் முடிந்துவிடும். நடுவில் இருக்கும் முப்பது நாற்பது பக்கங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பக்கங்களில்தான் எல்லாம் இருந்தது. கூரையிலிருந்து நிலக்கீழ் அறை வரை திருத்த வேலை முழுவதும் குத்தகைக்காரர் தலையில். சில வருசங்களுக்கு ஒருமுறை வாடகை மீளாய்வு. வாடகை ஏறலாம், இறங்காது. கம்பனி பெயரில் கடை எடுத்தாலும் தனிப்பட்ட உத்தரவாதம் என்று ஒரு பந்தி, அதில் கையெழுத்து வைத்தவரின் வீடு வரை பொறுப்பு நீளும். எனக்குத் தெரிந்த ஒருவர் கூரை ஒழுகியபோது வீட்டுக்காரருக்கு அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். பதிலாக வந்தது அவரையே கூரையைத் திருத்தச் சொல்லும் சட்டத்தரணியின் கடிதம். மனைவியின் நகையை விற்றுக் கூரை போட்டார். அந்தப் பந்தியைத் தமிழில் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால், கையெழுத்து வைக்குமுன்பே வாடகையைக் குறைத்துக் கேட்டிருப்பார், அல்லது வேறு கடை பார்த்திருப்பார்.

1954ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், குத்தகைக்காரர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லீஸ் முடிந்த பிறகும் கடையில் தொடர்ந்து இருக்கவும் புது லீஸ் கேட்கவும் வியாபாரிக்கு அது உரிமை தருகிறது. இருபது வருசம் வாடிக்கையாளரைத் தேடி வைத்த கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய காப்பு இல்லை. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும்படி லீஸ் எழுத முன்பெல்லாம் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 2004 ஜூன் முதல் நீதிமன்றம் வேண்டாம். வீட்டுக்காரர் எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைக் கொடுக்க வேண்டும், குத்தகைக்காரர் அதை வாசித்து அதன் விளைவை ஏற்றுக்கொள்கிறேன் என்று பிரகடனம் செய்ய வேண்டும். 14 நாளுக்குக் குறைவாக அவகாசம் இருந்தால் அந்தப் பிரகடனத்தைச் சுயாதீனமான ஒரு சொலிசிட்டர் போன்றவர் முன்னால் சத்தியமாகச் செய்ய வேண்டும். சட்டம் நல்லெண்ணத்தோடுதான் இப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வாசித்தேன் என்று சத்தியம் செய்கிறவருக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஒரு கையெழுத்தோடு போய்விடுகிறது. ஒரு லீஸில் வேறெதையும் மொழிபெயர்க்காவிட்டாலும் இந்த ஒரு அறிவித்தலை மொழிபெயர்த்து வாசியுங்கள் என்று நான் கடைக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

மொழி தெரியாமல் தலையாட்டுவதன் ஆபத்தை இந்த நாடு வேறொரு வழியில் கற்றுக்கொண்டது. பஞ்சாபி பேசிய இக்பால் பேகம் என்ற பெண் கணவனைக் கொன்ற வழக்கில் 1981இல் ஆயுள்தண்டனை பெற்றார். விசாரணையில் அவருக்கு வைத்த உரைபெயர்ப்பாளர் பேசியது அவருக்கு ஒழுங்காக விளங்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. அந்த வழக்கு கிளப்பிய கேள்விகள்தான் பொதுச்சேவை உரைபெயர்ப்பாளருக்கான தனித் தேர்வுக்கும், 1994இல் ஒரு தேசியப் பதிவேட்டுக்கும் வழி திறந்தன. பரீட்சை எழுதி, அனுபவம் காட்டி, ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களின் பெயர்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. கோட்டு ஐயா முன்னறையில் செய்ததற்கு ஒரு நாடு அங்கீகாரம் கொடுத்தது போலத்தான் எனக்கு அன்று இருந்தது. நானும் அந்தப் பாதையில்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

எழுத்து மொழிபெயர்ப்புக்கும் சங்கங்கள் இருந்தன, இருக்கின்றன. 1910இல் தொடங்கி 2005இல் அரச பட்டயம் பெற்ற சாட்டட் இன்ஸ்டிட்யூட் ஒவ் லிங்விஸ்ட்ஸ், 1986இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஒவ் ட்ரான்ஸ்லேஷன் அண்ட் இன்டர்பிரெட்டிங் இரண்டும் உறுப்பினர் பெயர்களை யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு விடயத்தை எங்கள் ஆட்கள் அறிய வேண்டும். ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு முறை உண்டு, இலங்கையிலும் உண்டு. இங்கிலாந்தில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு என்பது, இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று ஒருவர் எழுதி, திகதி போட்டு, பெயரும் ஒப்பமும் தொடர்பு விபரமும் கொடுப்பது. ஹோம் ஒபிஸின் விதியும் இவற்றைத்தான் கேட்கிறது, சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒப்பமிடுவது மொழிபெயர்த்தவராகவும் இருக்கலாம், மொழிபெயர்ப்புக் கம்பனியின் அலுவலராகவும் இருக்கலாம். அந்த இரண்டாவது வழியால்தான் எங்கள் தொழில் மாறியது.

பொதுச்சேவையில் அது எப்படி மாறியது என்பதை எல்லோரும் பார்த்தோம். 2012 ஜனவரி 30 முதல் நீதி அமைச்சு நீதிமன்ற உரைபெயர்ப்பை ஒரே கம்பனிக்குக் கொடுத்தது. அதைச் சற்று முன்புதான் கெப்பிட்டா என்ற பெரிய கம்பனி வாங்கியிருந்தது. சம்பளம் குறைந்தது, பதிவேட்டில் இருந்த பலர் வேலைக்குப் போக மறுத்தார்கள், வழக்குகள் தள்ளிப்போயின. ஒரு செக் மொழி உரைபெயர்ப்பாளர், யார் சரிபார்க்கிறார்கள் என்று பார்க்கத் தன் வளர்ப்பு முயலின் பெயரைப் பதிந்தார். அந்தப் பதிவும் ஏற்கப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நீதிக்குழு அந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. அதே 2013 மார்ச்சில், அப்போது உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த எரிக் பிக்கிள்ஸ் உள்ளூராட்சிச் சபைகளை மொழிபெயர்ப்புச் செலவை நிறுத்தச் சொன்னார். முன்பு கவுன்சில் கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் தமிழும் வங்காளமும் குஜராத்தியும் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

தனியார் வியாபாரத்தில் மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. இன்று ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்காரருக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் யார் வீட்டு முன்னறையிலும் காத்திருக்கத் தேவையில்லை. தொலைபேசியில் படம் எடுத்து ஒரு கம்பனிக்கு அனுப்புகிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று உடனே விலை வருகிறது. மறுநாள் நீல முத்திரையோடு கோப்பு வருகிறது. முத்திரைக்குக் கீழே ஒரு திட்ட மேலாளரின் ஒப்பம் இருக்கிறது. அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாமல் இருக்கலாம். கம்பனி வேலையை இன்னொரு கம்பனிக்குக் கொடுத்திருக்கும், அது இன்னொருவருக்கு, அவர் மென்பொருளுக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து செய்வது குறையே இல்லை. அங்கே என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். குறை என்னவென்றால், இந்தச் சங்கிலியில் செய்தவருடைய பெயர் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. பிழை வந்தால் அழைப்பதற்கு ஆள் இல்லை.

இந்த நிலைமை எங்கள் மக்களை எங்கே அடிக்கிறது என்றால், காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளுக்குப் பிறகு, கடையோ வீடோ வாங்கப் போகும் ஒவ்வொருவரிடமும் சொலிசிட்டர் அதைக் கேட்கிறார். எங்களவரில் பலருக்கு அந்தக் காசு ஊர்க்காணி விற்ற காசு. ஆகவே யாழ்ப்பாணத்து நொத்தாரிசு எழுதிய தமிழ் உறுதி ஒன்று லண்டன் மேசைக்கு வருகிறது.

அந்த உறுதியை வாசித்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு அடர்த்தியானது என்று. எல்லைகளை அயல் காணிக்காரரின் பெயர்களால் சொல்லும். கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் பிள்ளைகளின் காணி. வான்பயிர், செய்பயிர், பங்குக் கிணறு, வழி, வாய்க்கால் என்று உரிமைகள் தொடரும். காணி பரம்பரையாக வந்த முதுசமா, மனைவிக்குக் கிடைத்த சீதனமா, மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டமா என்பதும் அதில் இருக்கும். தேசவழமைப்படி இந்த மூன்றுக்கும் உரித்து வேறு. மனைவியின் சீதனக் காணி விற்ற காசில் கணவன் பெயரில் கடை வாங்கினால், அந்தக் காசு மனைவி கணவனுக்குக் கொடுத்த அன்பளிப்பா கடனா என்று சொலிசிட்டர் கேட்கத்தான் செய்வார். இதையெல்லாம் விளங்கி எழுத ஊர்ச்சட்டமும் தெரிய வேண்டும், இங்கத்தைய சட்டத்தரணி எதைத் தேடுகிறார் என்பதும் தெரிய வேண்டும்.

சில காலத்துக்கு முன் ஒரு குடும்பம் இப்படியான ஒரு உறுதியின் மொழிபெயர்ப்போடு என்னிடம் வந்தது. ஒரு கம்பனி செய்து, முத்திரை குத்திக் கொடுத்தது. காணியின் அளவு இருந்த இடத்தில் பரப்பளவு 2 என்று மட்டும் இருந்தது, இரண்டு என்ன என்று இல்லை. யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பது ஓர் அளவு, 16 பரப்பு ஓர் ஏக்கர். அது தெரியாத ஒன்று, ஆளோ இயந்திரமோ, அதை மாற்றியிருந்தது. பின்பக்கம் மொழிபெயர்க்கப்படவே இல்லை. சொலிசிட்டர் கேள்விக்கு மேல் கேள்வி அனுப்ப, விற்கிறவர் பொறுமையிழந்து வேறு ஆளுக்குக் கடையைக் கொடுத்துவிட்டார். குடும்பம் கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதியது. மொழிபெயர்ப்பாளரிடம் விசாரிப்போம் என்று பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது கோபம்தான். முத்திரை, விலைப்பட்டியல், நிபந்தனைகள் எல்லாம் இருந்தன. கோட்டு ஐயாவிடம் இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆனால் அவர் செய்த வேலையில் ஐயம் வந்தால் கதவைத் தட்டலாம், அவர் தகரப்பெட்டியைத் திறந்து தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்ப்பார்.

தகரப்பெட்டி என்றதும் இன்னொன்று. ஐயா யாருடைய பத்திரத்தையும் மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்க எழும்ப மாட்டார். இன்று கடைக்காரர் வங்கிக்கூற்றையும் கடவுச்சீட்டையும் ஒப்பந்தத்தையும் இலவச இணைய மொழிபெயர்ப்புப் பொறியில் ஒட்டிப் பார்க்கிறார். கூகிள் மொழிபெயர்ப்பில் 2011 ஜூனில் தமிழ் வந்தது. அதற்குப் பிறகு அது பெருமளவு தேறியிருக்கிறது, இன்னும் புதிய பொறிகளும் வந்திருக்கின்றன. வந்த கடிதம் எதைப் பற்றியது என்று அறிய நானும் அவற்றைப் பயன்படுத்தச் சொல்வேன். ஆனால் பங்காளியின் பெயரும் கணக்கு இலக்கமும் உள்ள ஒப்பந்தத்தை அங்கே போடாதீர்கள். அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் கையாளுகிறார்கள் என்பதற்கு உங்களிடம் பொறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை.

கடையில் உள்ள சாமான்களின் சுட்டி இதைவிட அவசரமான விடயம், ஏனென்றால் அங்கே பிழை உயிரைத் தொடும். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வந்த பொதி அப்படியே அடுக்கில் ஏறும். வாங்குகிறவர்களும் எங்கள் ஆட்கள், என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று வாங்குகிறவர்கள் எல்லா நாட்டவரும். 2014 டிசம்பர் முதல் இங்கே விற்கும் பொதி உணவில் ஒவ்வாமை தரும் 14 பொருட்களையும் இங்கிலிஷில் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எங்கள் சமையலில் அந்தப் பட்டியல் நிறைய இருக்கிறது: கடுகு, எள், நிலக்கடலை, முந்திரி, பால், மீன், இறால். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமைமா கலந்திருக்கும். அது தெரியாமல் பெருங்காயம் என்று மட்டும் மாற்றி ஒட்டினால், கோதுமை ஆகாத ஒருவருக்கு அது நஞ்சு. 2016இல் நடாஷா எட்னான் லபெரூஸ் என்ற 15 வயதுப் பிள்ளை, பாணுக்குள் எள் இருப்பது சுட்டியில் இல்லாததால் இறந்தது. அவர் பெயரால் வந்த விதி 2021 ஒக்டோபர் 1 முதல், கடையிலேயே செய்து பொதி கட்டி வைக்கும் உணவுக்கும் முழுப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. எங்கள் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பொதி கட்டி அடுக்கும் ரோல்ஸும் எள்ளுருண்டையும் அதற்குள் வரும். இந்தச் சுட்டியை எழுதுகிறவர் உணவையும் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டும்.

இன்றைய காலத்தை நான் வெறுக்கவில்லை. ஒரு காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பிய தமிழ் மறுமுனையில் வெறும் குப்பையாகத் திறக்கும். யூனிகோட் அந்த வேதனையை முடித்துவிட்டது. கலைச்சொற்களைத் தேட அகராதியைச் சுமக்கத் தேவையில்லை. 2015இல் வந்த ஐஎஸ்ஓ 17100 என்ற தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாமவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது. சனிக்கிழமைகளில் ஐயா என்னை உரக்க வாசிக்க வைத்தது அதற்குத்தான். அந்தத் தரநிலையைக் கடைப்பிடிக்கும் நல்ல கம்பனிகளும் இந்த நகரத்தில் இருக்கின்றன. அவர்களுடைய விலை கூடத்தான் இருக்கும். இரண்டு பேருடைய வேலைக்கு ஒருவருடைய கூலி போதாது.

எனக்குக் கவலை தருவது அடுத்த கை எங்கே என்பதுதான். 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1,25,000 பேர் தமிழைத் தங்கள் முதன்மை மொழியாகச் சொன்னார்கள். 2011இல் அது சுமார் 1,01,000. கேட்கும் வாய்கள் கூடியிருக்கின்றன. ஆனால் காணி உறுதி ஒன்றைத் தடக்காமல் வாசிக்கக்கூடிய, லீஸின் பந்தியொன்றைத் தமிழில் விளங்க எழுதக்கூடிய இளையவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறார்கள், பிறகு பல்கலைக்கழகம் போய்ச் சட்டமும் கணக்கியலும் படிக்கிறார்கள். அந்த இரண்டையும் சேர்த்தால் அருமையான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைப்பார். அதை ஒரு தொழிலாக அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. நாங்கள் தோடம்பழம் கொடுத்த பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் ஆள்தானே, சும்மா பார்த்துத் தருவார் என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். கணக்காளரிடம் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கோட்டு ஐயா 1990களின் கடைசியில் காலமானார். தகரப்பெட்டியில் இருந்த பிரதிகளை உரியவர்களிடம் கொடுத்தோம். ஆள் கிடைக்காதவற்றை மகன் எரித்தார், அப்படித்தான் ஐயா சொல்லி வைத்திருந்தார்.

லண்டனில் கடை நடத்துகிற, கம்பனி நடத்துகிற, காணி விற்றுக் காசு கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான். பத்திரத்தைக் கொடுக்க முன் மொழிபெயர்க்கப் போகிறவருடைய பெயரைக் கேளுங்கள். எந்தச் சங்கத்தில் உறுப்பினர், எந்தத் துறைப் பத்திரங்கள் செய்தவர், அவர் எழுதியதை யார் பார்ப்பார் என்று கேளுங்கள். எல்லாப் பக்கங்களையும், பின்பக்கம் உட்பட, கொடுங்கள். கையெழுத்து வைக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு கொண்டுபோகாமல் அவகாசம் கொடுங்கள். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். சேர்க்க ஒத்துக்கொள்கிறவரிடம் பத்திரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள். பெயர் சொல்ல மறுக்கும் இடத்தில் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.